சைபர்மென் நாடாவும் ஐம்பது ஃபீல்டுகளும்

பெரியப்பாவின் அலமாரியைக் காலி செய்தபோது ஒரு பெட்டி நிறைய விஎச்எஸ் கேசட்டுகள் கிடைத்தன. வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தில் அவர் வாங்கிச் சேர்த்தவை. அடியில் கிடந்தது ‘ரிவெஞ்ச் ஆஃப் த சைபர்மென்’. அட்டை நைந்து, முதுகில் இருந்த எழுத்து வெளுத்துப் போயிருந்தது. பெயர் படிக்கத் தேவையே இல்லை. சின்ன வயதில் அவரும் நானும் அந்த நாடாவை எத்தனை தடவை ஓட்டியிருப்போம் என்பதற்குக் கணக்கு கிடையாது.

டாக்டர் ஹூ என்பது காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் டாக்டரைப் பற்றிய பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடர். சைபர்மென் அதில் வரும் உலோக மனித வில்லன்கள். பிபிசி வீட்டு வீடியோவாக வெளியிட்ட முதல் டாக்டர் ஹூ கதை இது. 1983 அக்டோபரில் வந்தது. தொலைக்காட்சியில் இந்தக் கதை 1975 ஏப்ரல் 19 முதல் மே 10 வரை நான்கு சனிக்கிழமைகளில், பாகத்துக்கு 25 நிமிடம் என்ற கணக்கில் ஓடியது. நாடாவில் நான்கையும் ஒட்டி ஒரே படமாக்கிவிட்டார்கள். நடுவில் வரும் பெயர்ப் பட்டியல் இல்லை, பாகம் முடியும்போது மூச்சை நிறுத்த வைக்கும் திருப்பம் அடுத்த காட்சிக்குள் கரைந்துவிடும், இங்கொன்றும் அங்கொன்றுமாக வெட்டும் உண்டு. அந்த நாளில் ரசிகர்கள் முதலில் கேட்டது ‘த டூம் ஆஃப் த சைபர்மென்’ என்ற 1967ஆம் ஆண்டுக் கதையை. அது அப்போது பிபிசியிடமே இல்லை. 1990களின் தொடக்கத்தில் ஹாங்காங்கிலிருந்து அதன் ஃபிலிம் பிரதி திரும்பி வந்த பிறகுதான் அதுவும் நாடாவானது.

இன்று இதே கதை வெட்டில்லாமல் கிடைக்கிறது. 2010இல் டிவிடி வந்தது. 2018இல், இதில் டாக்டராக நடித்த டாம் பேக்கரின் முதல் ஆண்டுக் கதைகள் முழுவதும் ப்ளூரே தொகுப்பாக வந்தன. கதையைப் பார்க்க மட்டும்தான் ஆசை என்றால் அதை வாங்கிப் பார்ப்பதே சரி. எனக்கு வேண்டியிருந்தது நாங்கள் பார்த்த அந்த ஒட்டுப்போட்ட வடிவம். அது என் மனதில் ஒரே மூச்சில் ஓடும் கதை. பாகம் பாகமாகப் பார்த்தால் எனக்கு அது வேறு கதையாகத் தெரிகிறது. அதனால் நாடாவைச் சரிசெய்து கணினியில் ஒரு காப்பு எடுத்து வைக்கலாம் என்று இறங்கினேன். எனக்கும் வீட்டாருக்கும் பார்க்க மட்டும், வெளியே கொடுப்பதற்கு இல்லை. ஒரு வார இறுதி வேலை என்று நினைத்தேன். ஏழு வாரம் ஆனது.

கேசட்டின் ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்ததும் முதல் சிக்கல் தெரிந்தது. சுருளின் மேல் விளிம்பில் மாவு தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளிகள். பூஞ்சை. இதைப் பார்த்தபின் ‘ஒரு தடவை போட்டுத்தான் பார்ப்போமே’ என்று பிளேயருக்குள் தள்ளிவிடாதீர்கள். பூஞ்சைத் துகள் நாடாவைப் படிக்கும் ஹெட்டை அடைக்கும், ஹெட் பொருத்திய டிரம்மில் ஒட்டும், அதே பிளேயரில் அடுத்துப் போடும் நல்ல நாடாவுக்கும் தொற்றும். ஈரமாக இருக்கும் பூஞ்சை தேய்த்தால் இழுபடும், காய்ந்தால் தூளாகி உதிரும். ஆகவே முதலில் காய வைக்க வேண்டும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கேசட்டை வைத்து இரண்டு வாரம் தொடாமல் விட்டேன். சூடு காட்டவில்லை. ஒலிப்பதிவுக் கூடங்களின் சில பழைய நாடாக்களை மிதமான சூட்டில் வைத்து மீட்கும் முறை உண்டு, ஆனால் அது பசை பிசுபிசுக்கும் நாடாக்களுக்கான வைத்தியம். பூஞ்சைக்கு அது பொருந்தாது.

இரண்டு வாரம் கழித்து, மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் கேசட்டைத் திறந்தேன். அடிப்பக்கம் ஐந்து ஸ்க்ரூ. அவற்றைக் கழற்றியதும் அப்படியே நிமிர்த்தி, மேல் மூடியை மெல்லத் தூக்க வேண்டும். கவிழ்த்த நிலையில் திறந்தால் பிரேக் நெம்புகோல்களும் அவற்றின் சின்ன ஸ்பிரிங்குகளும் துள்ளி எங்காவது போய்விடும். திறப்பதற்கு முன்பும் பின்பும் ஒவ்வொரு நிலையிலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாடா எந்த உருளைக்கு முன்னால் போகிறது, எதற்குப் பின்னால் போகிறது என்பது கழற்றிய அரை மணி நேரத்தில் மறந்துவிடும்.

பழைய கூட்டுக்குள் மூலைகளிலும் பூஞ்சை இருந்ததால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, சுருள்கள் இரண்டையும் ஒரு வெற்றுக் கேசட்டின் கூட்டுக்கு மாற்றினேன். அந்த மாற்றத்தின்போதுதான் இன்னொரு பழுது கண்ணில் பட்டது. நாடாவின் தொடக்கத்தில் கண்ணாடி மாதிரி ஒரு துண்டு இருக்கும், லீடர் என்பார்கள். அது நாடாவோடு சேரும் இடத்தில் பசை விட்டுப் போயிருந்தது. தொட்டதும் கையோடு வந்துவிட்டது. இதற்குச் சாதாரண செல்லோடேப் ஆகாது. அதன் பசை நாளடைவில் கசிந்து பக்கத்துச் சுற்றில் ஒட்டும், பிறகு ஹெட்டுக்குப் போகும். நாடா ஒட்டுவதற்கென்றே வரும் அரை அங்குல ஸ்ப்ளைசிங் டேப்பை மட்டும் பயன்படுத்த வேண்டும். விஎச்எஸ்ஸில் காந்தப் பூச்சு சுருளுக்கு வெளிப்பக்கம் பார்த்திருக்கும், அதனால் ஒட்டு உள்பக்கம் போக வேண்டும். இரண்டு முனையையும் நேராக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் முட்ட வைத்து ஒட்டினேன். லீடரை வெட்டி எறிந்துவிட்டு நாடாவையே நேராகச் சக்கரத்தில் மாட்டலாமே என்று தோன்றலாம். கூடாது. கேசட்டின் நடு ஓட்டைக்குள் நுழையும் ஒரு விளக்கின் ஒளி அந்தக் கண்ணாடித் துண்டு வழியாகப் போய் உணரியில் படும்போதுதான் நாடா முனைக்கு வந்துவிட்டது என்று பிளேயருக்குத் தெரியும். லீடர் இல்லாவிட்டால் முனையில் நிற்காமல் இழுத்து அறுத்துவிடும்.

சுத்தம் செய்ய, தனி ரீவைண்டர் ஒன்றின் மேல்மூடியைக் கழற்றி எடுத்தேன். கேசட்டின் முன் கதவைத் திறந்து பிடித்தால் நாடா இரண்டு முனைக்கும் நடுவே நேராக ஓடுவது தெரியும். அந்த இடத்தில், பஞ்சு உதிராத துணியை இரண்டு பக்கமும் லேசாக அணைத்துப் பிடித்து ஓட விட்டேன். தொண்ணூறு நிமிடக் கதைக்கு ஏறக்குறைய 126 மீட்டர் நாடா. துணியை அடிக்கடி மாற்றினேன். முதல் சுற்றில் துணி சாம்பல் நிறமானது, நான்காவது சுற்றில் வெள்ளையாகவே வந்தது. விளிம்புகளில் தனிக் கவனம் வேண்டும். மேல் விளிம்பில்தான் ஒலி பதிவாகியிருக்கிறது. கீழ் விளிம்பில் கண்ட்ரோல் டிராக், அதாவது படக்கோடுகள் எங்கே தொடங்குகின்றன என்று பிளேயருக்குச் சொல்லும் துடிப்புகள். நடுவில் ஒரு கீறல் விழுந்தால் படத்தில் ஒரு கோடு போகும், அவ்வளவுதான். கீழ் விளிம்பு சுருங்கினால் படமே நிற்காது.

அப்புறம் பிளேயர். எஸ்-விஎச்எஸ் வகை, பல வருடம் சும்மா கிடந்தது. பெல்ட் இளகித் தார் மாதிரி ஆகியிருந்தது. நாடாவை அழுத்தி இழுக்கும் பிஞ்ச் ரோலர் கெட்டியாகிக் கண்ணாடிபோல் மினுமினுத்தது. இரண்டையும் மாற்றினேன். அதோடு சேர்ந்து நாடாவை நகர்த்தும் கேப்ஸ்டன் தண்டில் படிந்த பழுப்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தேன். இதில் எதுவும் கடினமில்லை, பொறுமை இருந்தால் போதும்.

ஹெட்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பதிவின் மையமே அதில்தான் இருக்கிறது. விஎச்எஸ் பிளேயருக்குள் 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு டிரம் சாய்வாக நின்று சுழல்கிறது. பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் அது நிமிடத்துக்கு 1500 சுற்று, அதாவது நொடிக்கு 25. எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு ஹெட். நாடா நொடிக்கு 2.34 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. ஆனால் ஹெட் அதன்மேல் நொடிக்கு ஏறக்குறைய 4.85 மீட்டர் வேகத்தில் சாய்கோடாகக் கீறிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு சாய்கோடும் ஒரு ஃபீல்டு, அதாவது படத்தின் பாதி வரிகள். ஒரு ஹெட் ஒற்றைப்படை வரிகளைப் படித்தால் மற்றது இரட்டைப்படை வரிகளைப் படிக்கும். நொடிக்கு 50 ஃபீல்டு, இரண்டு சேர்ந்து ஒரு ஃப்ரேம். இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். புரிந்தது எப்படி என்றால், உதிரிக்காக வைத்திருந்த வேறொரு பிளேயரின் டிரம்மைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தபோது ஒரு ஹெட்டை உடைத்துவிட்டேன். பஞ்சு நூல் மாட்டி இழுத்தாலே போதும், அந்தப் பொடித் துண்டு போய்விடும். அந்தப் பிளேயரில் நாடாவைப் போட்டால் ஒரு ஃபீல்டு நல்ல படம், அடுத்த ஃபீல்டு வெறும் பனி. ஒன்று விட்டு ஒன்று. படத்தின் பாதி இடம் போகவில்லை, பாதி நேரம் போயிருந்தது.

சரியான முறை இது. செயற்கைத் தோல் பூசிய குச்சியையோ, மடித்த வழவழப்பான வெள்ளைத் தாளையோ ஆல்கஹாலில் நனைத்து டிரம்மில் அசையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். டிரம்மின் மேல்பாகத்தைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். குச்சியோ தாளோ நகரக் கூடாது, டிரம்தான் சுழல வேண்டும். மேலும் கீழும் தேய்க்கவே கூடாது. நன்றாக உலர்ந்த பிறகு நாடாவைப் போடலாம்.

போட்டேன். டாம் பேக்கரின் முகம் வந்தது.

படம் இருந்தது, ஒலி மட்டும் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. ஹைஃபை ஒலி பரவலாவதற்கு முந்தைய நாடா இது, விளிம்பில் ஓடும் நேர்கோட்டு ஒலி மட்டுமே உண்டு. ஆடியோ கேசட்டின் வேகத்தில் பாதிகூட இல்லாத வேகத்தில் ஓடும் நாடா. அதனால் ஒலி ஹெட்டின் நிமிர்வு சிறிது பிசகினாலும் உச்ச ஸ்தாயி முழுக்கக் காணாமல் போகும். இந்தக் கதைக்கு இசை கேரி பிளைட்டன். அதற்குமேல் பிபிசியின் சிறப்பு ஒலிக்கூடமான ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பின் பீட்டர் ஹவெல் சில இடங்களில் சின்தசைசர் ஒலிகளைச் சேர்த்திருக்கிறார். அந்த மெல்லிய உச்ச ஒலிகள் எதுவுமே கேட்கவில்லை. ஒலி ஹெட்டின் நிமிர்வை (அசிமுத்) மாற்றும் ஸ்க்ரூவுக்கு மார்க்கரால் முதலில் ஒரு அடையாளக் கோடு போட்டுவிட்டு, பழைய நிலைக்குத் திரும்ப முடியும் என்ற உறுதியோடு, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஓர் இடத்தில் திரை விலகியதுபோல் ஒலி திறந்துகொண்டது. டெலியா டெர்பிஷயர் நாடாத் துண்டுகளை வெட்டி ஒட்டி உருவாக்கிய அந்தத் தொடக்க இசையின் மேல் சுருதி காதில் விழுந்ததும் கை தானாக ஸ்க்ரூவை விட்டது. கீபோர்டில் வாசித்தது அல்ல அது. 1963இல் ரான் கிரெய்னர் எழுதிய மெட்டை ஒவ்வொரு சுரமாகப் பதிவு செய்து, அளந்து, ஒட்டிச் செய்தது. பழுதான ஒலி ஹெட்டில் அதைக் கேட்பது அந்த உழைப்புக்குச் செய்யும் அநியாயம் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

அடுத்து கணினிக்குள் எடுப்பது. எஸ்-வீடியோ கம்பி, நடுவில் டைம் பேஸ் கரெக்டர் (டிபிசி), பிறகு கேப்சர் கருவி. டிபிசி இல்லாமல் எடுத்த முதல் சோதனையில் கதை நடக்கும் நெர்வா விண்நிலையத்தின் கதவு நிலைகள் நீருக்குள் நிற்பதுபோல் நெளிந்தன. நாடா நீண்டு சுருங்குவதால் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் முன்பின்னாகத் தொடங்கும், அதை நேராக்குவதுதான் டிபிசியின் வேலை. மேக்ரோவிஷன் என்ற நகல்தடைச் சமிக்ஞை 1985இல்தான் நாடாக்களில் வர ஆரம்பித்தது. அதற்கு முந்தைய அச்சு என்பதால் வெளிச்சம் ஏறி இறங்கும் தொல்லை இதில் இல்லை.

ஒளி அளவை வைக்கும்போது நம்பிக்கையான அளவுகோல் சைபர்மேனின் தலைதான். அந்த வெள்ளிக் கவசத்தில் வளைவு தெரிய வேண்டும். தட்டையான வெள்ளையாகத் தெரிந்தால் அளவு அதிகம். இந்தக் கதையில் அவர்கள் தலையிலிருந்தே சுடுவார்கள், அந்தச் சுடர் தெறிக்கும் ஃப்ரேமில் வெள்ளை எல்லை தாண்டாமல் இருந்தால் மற்ற காட்சிகள் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். 720க்கு 576 அளவில், சுருக்காமல் எடுத்தால் மணிக்கு 75 ஜிபி வரும். இழப்பில்லாத சுருக்கத்தில் என் நாடாவுக்கு மொத்தம் 45 ஜிபி ஆனது. இடம் போகிறதே என்று இந்தக் கட்டத்தில் எம்பெக் (MPEG) என்ற இழப்புள்ள சுருக்கத்தில் பிடித்துவிடாதீர்கள். நாடாவின் இரைச்சலைச் சுருக்கக் கஷ்டப்பட்டே அது படத்தைக் கட்டம் கட்டமாக்கிவிடும்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கோப்பை ஓட்டிப் பார்த்தேன். கூர்மை நன்றாக இருந்தது, நிறம் இருந்தது, ஒலி இருந்தது. ஆனால் நான் பார்த்த கதை அங்கே இல்லை. என்ன குறை என்று சொல்லவும் தெரியவில்லை. நிறத்தைத் திருத்தினேன். இரைச்சல் நீக்கினேன், முகங்கள் மெழுகுபோல் ஆயின, அதை எடுத்துவிட்டேன். கூர்மைப்படுத்தினேன், விளிம்புகளில் வெள்ளைக் கோடு வந்தது, அதையும் எடுத்தேன். இப்படியே பத்து நாள் வீணானது.

விடை கிடைத்தது ஒரு குகைக் காட்சியில். வோகா என்ற தங்கக் கோளின் உட்புறத்தை சாமர்செட்டில் உள்ள வூக்கி ஹோல் குகைகளில் படமாக்கினார்கள். டாக்டரின் தோழி சாராவாக நடித்த எலிசபெத் ஸ்லேடன் படகோடு தடுமாறி நீரில் விழ, சண்டைக் கலைஞர் டெர்ரி வால்ஷ் குதித்து இழுத்து வந்தது அங்கேதான். அந்தக் காலத்து வழக்கப்படி வெளிக்காட்சிகள் 16 மில்லிமீட்டர் ஃபிலிமில், ஸ்டூடியோ காட்சிகள் எலக்ட்ரானிக் கேமராவில். ஃபிலிம் நொடிக்கு 25 படம். ஸ்டூடியோ கேமரா நொடிக்கு 50 ஃபீல்டு, ஒவ்வொன்றும் வெவ்வேறு கணத்தைப் பிடித்தது. ஆகவே குகையில் ஓடுவதும் விண்நிலையத்தில் ஓடுவதும் கண்ணுக்கு வேறு வேறாகத் தெரிய வேண்டும். குகை சினிமாவாகவும் நிலையம் நேரில் நடப்பதாகவும் தெரிய வேண்டும். என் கோப்பில் இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. நிலையமும் சினிமாவாகிவிட்டிருந்தது.

இரண்டு ஃபீல்டும் வரிக்கு வரி பின்னி வருவதை இன்டர்லேஸ் என்பார்கள். கேப்சர் மென்பொருளில் அந்தக் கோடுகளை நீக்கும் வசதி தானாகவே இயங்கிக்கொண்டிருந்தது. ஃபீல்டு ஜோடிகளைக் கலந்து 25 ஃப்ரேமாக்கிக் கொடுத்துவிட்டது. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை, ஒரு ஃப்ரேமும் விடுபடவில்லை. உடைந்த ஹெட் செய்த அதே சேதத்தை இது சத்தமில்லாமல் செய்திருக்கிறது. பனி விழாததால் எனக்குத் தெரியவில்லை.

மறுபடியும் நாடாவை ஓட்டி, இந்த முறை இன்டர்லேஸ் அப்படியே இருக்க எடுத்தேன். பிறகு க்யூடிஜிஎம்சி என்ற ஸ்கிரிப்ட் வழியாக ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழு ஃப்ரேமாக்கி நொடிக்கு 50 ஃப்ரேம் கோப்பு செய்தேன். இரவு முழுக்க ஓடியது. ஃபீல்டு வரிசையை முதலில் சரிபார்க்க வேண்டும். தவறான வரிசை கொடுத்தால் நடக்கும் ஆள் இரண்டடி முன், ஓரடி பின் என்று துடிப்பார். யாராவது பக்கவாட்டில் நடக்கும் காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். எனக்கு மேல் ஃபீல்டு முதலில் என்று வந்தது, டிஜிட்டல் வீடியோ (DV) வடிவில் எடுத்தவர்களுக்குக் கீழ் ஃபீல்டு முதலில் வரும். படத்தின் அடியில் ஹெட் மாறும் இடத்தில் வரும் கிழிசல் கோட்டை மட்டும் கறுப்புப் பட்டையால் மூடினேன். வெட்டி எடுத்தால் படத்தின் விகிதம் மாறும்.

காலையில் ஓட்டினேன். டாக்டரும் அவருடைய தோழர்கள் சாராவும் ஹாரியும் நெர்வாவின் வளைந்த நடைவழியில் வருகிறார்கள், தரையில் பிணங்கள். ‘தி ஆர்க் இன் ஸ்பேஸ்’ கதைக்காகப் போட்ட அதே செட் இது, செலவை மிச்சப்படுத்த இரண்டாம் முறை பயன்படுத்தினார்கள். அது செட் என்பது தெரிகிறது. கதவு மரம் என்பதும் தெரிகிறது. ஆனால் அந்த மூவரும் பக்கத்து அறையில் நடப்பதுபோல் நடந்தார்கள். டாம் பேக்கர் தலையைத் திருப்பும்போது கண் எங்கே போகிறது என்பதைப் பின்தொடர முடிந்தது. பத்து நாள் நான் தேடியது அந்தத் திரும்பலைத்தான். பிறகு காட்சி குகைக்கு மாறியதும் படம் கனத்து, ஃபிலிமின் துகளோடு வேறொரு உலகமானது. சின்ன வயதில் அந்த மாற்றத்தை நான் உணர்ந்திருக்கிறேன். கோளுக்குப் போய்விட்டோம் என்பதற்கு அடையாளமாகவே அதை எடுத்துக்கொண்டிருந்தேன். படம் பிடித்த விதத்தின் வேறுபாடு என்பது அப்போது தெரியாது.

இந்த அசைவுக்காகப் பெரிய அளவில் போராடியவர்கள் உண்டு. டாக்டர் ஹூவின் 1960களின் கதைகள் இரண்டு அங்குல வீடியோ நாடாவில்தான் பதிவாயின. அவற்றை பிபிசி பிறகு அழித்துவிட்டது. மிஞ்சியவை வெளிநாடுகளுக்கு விற்பதற்காக, திரையை ஃபிலிம் கேமராவால் படம் பிடித்து எடுத்த 16 மில்லிமீட்டர் பிரதிகள். அதில் இரண்டு ஃபீல்டும் ஒரே ஃபிலிம் கட்டத்தில் சேர்ந்துவிடும், அசைவில் பாதி போய்விடும். ரெஸ்டரேஷன் டீம் என்று அறியப்பட்ட ஆர்வலர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் சேர்ந்த குழு இதற்கு விட்ஃபயர் என்ற முறையைக் கொண்டுவந்தது. அடுத்தடுத்த இரண்டு கட்டங்களை ஒப்பிட்டு, நடுவில் இருந்திருக்க வேண்டிய கணத்தைக் கணித்து, 50 ஃபீல்டு ஓட்டத்தைத் திரும்பக் கொடுப்பது. 2002இல் ‘த ஆஸ்டெக்ஸ்’ டிவிடியில் முழுக் கதைக்கும் இதைச் செய்தார்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது நடிப்பே மாறிவிட்டதாக எனக்குத் தோன்றியது. மேடை நாடகம்போல் மந்தமாகத் தெரிந்த, முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் திடீரென்று சுறுசுறுப்பான ஆளானார். அவர் அப்போதே அப்படித்தான் நடித்திருந்தார், நம்மிடம் வந்து சேரவில்லை.

அவர்கள் இல்லாத பாதியைக் கணித்து உருவாக்கினார்கள். என் நாடாவில் அந்தப் பாதி முழுதாக இருந்தது, ஒரு டிக் குறியால் அதை நான் தூக்கி எறிந்துகொண்டிருந்தேன். பழைய தொடர்களை மறுபடி பார்க்க உட்காரும் யாருக்கும் நான் சொல்லக்கூடிய பயனுள்ள விஷயம் இதுதான். இணையத்தில் ஓடும் பல பிரதிகள் இப்படி 25 ஃப்ரேமாக்கப்பட்டவை. ‘பழைய தொடர் மெதுவாகப் போகிறது, நாடகத்தனமாக இருக்கிறது’ என்று ஒதுக்குவதற்கு முன்னால் டிவிடியிலோ ப்ளூரேயிலோ இன்டர்லேஸ் கெடாமல் ஒரு பாகத்தைப் பார்த்துவிடுங்கள். கணினியில் ஓட்டினால் டீஇன்டர்லேஸ் அமைப்பில் ஃபீல்டுகளை இரட்டிப்பாக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள், விஎல்சியில் யாடிஃப் 2எக்ஸ் என்று இருக்கும். தொலைக்காட்சியில் அசைவை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது நேர்மாறான தப்பைச் செய்யும், குகைக் காட்சிகளையும் வீடியோவாக்கிவிடும். இரண்டின் வேறுபாடும் படத்தைச் சேர்ந்தது.

கூர்மைக்காக நான் எதுவுமே செய்யாத கோப்பு இது. விஎச்எஸ்ஸில் 240 வரி அளவுக்குத்தான் கிடைமட்ட விவரம் உண்டு, இல்லாததை வரவழைக்க முடியாது. ஆனாலும் அசைவு சரியானதும் விவரமும் கூடியதுபோல் கண்ணுக்குப் படுகிறது. வோகா கோளில் வாழும் வோகன்களின் அறைகளில் ஒரு வளைவான சின்னம் இருக்கும். வடிவமைப்பாளர் ரோஜர் மர்ரி-லீச் வோகாவுக்காக வரைந்தது. அடுத்த ஆண்டு ‘த டெட்லி அசாசின்’ கதையில் அதையே எடுத்து டாக்டரின் இனமான டைம் லார்டுகளின் முத்திரையாக்கினார்கள், இன்றுவரை தொடரில் வருகிறது. இந்த நாடாவில் அதை நான் கவனித்ததே இல்லை. இப்போது கேமரா நகரும்போது பின்சுவரில் அது துலங்கி வருகிறது.

அக்கா மகளை உட்கார வைத்து இரண்டு கோப்பையும், எது எது என்று சொல்லாமல், ஐந்து ஐந்து நிமிடம் ஓட்டினேன். அவளுக்குப் பதினான்கு வயது. டாக்டர் ஹூவைப் புதிய தொடரில் மட்டும் பார்த்தவள். முதல் கோப்பில் போனை எடுத்துவிட்டாள். இரண்டாவதில் சைபர்மேட், அந்த வெள்ளிப் பூரான் மாதிரியான ஜந்து, சாராவின் கழுத்தில் பாய்ந்ததும் காலை மேலே தூக்கிக்கொண்டாள்.

“மாமா, இது வேற தடவை எடுத்ததா?”

“இல்லம்மா. ஒரே நாடாதான்.”

“முதல்ல போட்டது படம் மாதிரி இருந்துச்சு. இது யாரோ இப்ப வீடியோ எடுத்துட்டு இருக்கிற மாதிரி இருக்கு.”

கடைசி வரை உட்கார்ந்து பார்த்தாள். முடிவில் டாக்டரின் பயணக் கலமான நீலப் பெட்டி அந்த இழுப்புச் சத்தத்தோடு வரும். பிரையன் ஹாட்ஜ்சன் ஒரு வீட்டுச் சாவியைப் பழைய பியானோவின் தடித்த கம்பியில் இழுத்துப் பதிவு செய்த சத்தம் என்று சொன்னேன். சாவி உராய்வது தெரிகிறதா என்று கேட்க மறுபடியும் ஓட்டச் சொன்னாள். அசிமுத் சரியான பிறகு தெரிகிறது.

இரண்டு வன்தட்டுகளில் இன்டர்லேஸ் கெடாத மூலக் கோப்பு, தனியாக 50 ஃப்ரேம் கோப்பு. நாடாவைப் புதுக்கூட்டோடு செங்குத்தாக நிறுத்தி வைத்திருக்கிறேன், பழைய லேபிளைப் பிரித்து அதில் ஒட்டினேன். அட்டையின் உள்பக்கம் பென்சிலால் ‘மேல் ஃபீல்டு முதலில், அசிமுத் கோட்டிலிருந்து இடப்பக்கம் சிறிது’ என்று எழுதியிருக்கிறேன். பெரியப்பாவின் பெட்டியில் இன்னும் பதினொன்று இருக்கின்றன. அதில் 1992இல் வந்த ‘ஷாடா’வும் உண்டு. 1979இல் பிபிசி வேலைநிறுத்தத்தால் பாதியில் நின்றுபோன கதை, எடுக்காத காட்சிகளின் இடத்தில் டாம் பேக்கரே வந்து கதை சொல்வார். அதன் சுருளில் வெள்ளைப் புள்ளி இல்லை, ஆனால் ஓரம் லேசாக அலை அடித்திருக்கிறது. இப்போதைக்கு சிலிக்கா ஜெல் டப்பாவில் இருக்கிறது.